மூன்று டிகிரி பேரம்

காலை எட்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது நாத்தனாரிடமிருந்து போன். அண்ணி அப்போது ஒரு கையில் டிபன் டப்பாவும் மறு கையில் மூடியுமாக நின்று, இரண்டும் ஏன் ஒன்றோடொன்று ஒத்துப்போக மறுக்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் பதினோரு டப்பா, பதினாறு மூடி. எதற்கும் எதுவும் ஜோடியில்லை.

"சின்னு கூப்பிடறா. ஸ்பீக்கர்ல போடட்டுமா?" என்றான் கணவன். தங்கை பேசுகிறாள் என்றால் அவனுக்குக் கூடுதலாக இரண்டு காது முளைத்துவிடும்.

"போடுங்க."

சின்னு இந்த வீட்டோடு நாலு வருஷம் பேசாமல் இருந்தவள். மாமனார் படுத்த படுக்கையாக இருந்த கடைசி மாதத்தில், "ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்க்கறீங்க அண்ணி, அப்பா ரிப்போர்ட் உங்க கண்ணுல படாமலா இருந்திருக்கும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாசலைத் தாண்டிப் போனாள். அண்ணி வேலை பார்ப்பது பச்சைக் குழந்தைகளுக்கு ஸ்கேன் எடுக்கிற அறையில். மாமனாரின் ரிப்போர்ட் சுற்றியது வேறு கட்டடத்தில். இதைச் சொல்லி நிரூபிக்கவா முடியும்? அண்ணி வாயை மூடிக்கொண்டாள், சின்னு கதவை மூடிக்கொண்டாள்.

திறந்தது குழந்தைதான். பத்து வாரத்துக்கு முன், கால் முதலில் வந்து பிறந்த பெண் குழந்தை. செல்லமாகப் பட்டாணி. அப்படிப் பிறந்தால் இடுப்பு மூட்டை ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட, ஊரில் எத்தனையோ இடம் இருந்தும் ஐந்தாவது வாரத்தில் சின்னு அண்ணியின் அறைக்கே தூக்கிக்கொண்டு வந்தாள். ஸ்கேனில் இரண்டு பக்கமும் பச்சை, குறையில்லை. அன்று இருவரும் கான்டீனில் ஒரே பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துத் தின்றார்கள். மன்னிப்பு என்ற வார்த்தையை யாரும் எடுக்கவில்லை. கடைசி பிஸ்கட்டை மட்டும் நீ எடு, நீ எடு என்று தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணி, பட்டாணிக்கு டயபர் மாத்தறப்ப வலது கால் நல்லா விரியுது. இடது கால் பாதிலயே நின்னுக்குது. முட்டுக் குடுக்கற மாதிரி."

"எத்தனை நாளா?"

"ஒரு வாரமா. குளிருக்கு மடக்கிக்குதுன்னு நெனச்சேன். ஏதாவது இருக்குமா?"

"அதான் அண்ணி ஸ்கேன் எடுத்து எல்லாம் பச்சைன்னு சொன்னாளே," என்றான் அண்ணன்காரன், தானே எடுத்த மாதிரி.

"ஆமா சின்னு. மெஷினே சொல்லிடுச்சு, அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது. சில குழந்தைங்க ஒரு பக்கம் விறைச்சுக்கும். அடுத்த வாரம் தடுப்பூசிக்கு வர்றப்ப பார்ப்போம்."

"நீங்க சொன்னா சரி, அண்ணி."

அண்ணி ஏதோ ஒரு டப்பாவை ஏதோ ஒரு மூடியால் அமுக்கி, பையில் திணித்துக்கொண்டு கிளம்பினாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் தூக்கம் வந்தது. பதினேழு வருஷ வேலையில் அவளுக்கு வராத தூக்கம் இரவில், வருகிற தூக்கம் பஸ்ஸில்.

*

அறைக்கு வெளியே இரண்டு வரிசை நாற்காலி. இருபத்தாறு அம்மாக்கள், இருபத்தேழு குழந்தைகள். ஒருத்திக்கு இரட்டை. எல்லாக் குழந்தையும் ஒரே நேரத்தில் அழுவதில்லை. முறை வைத்துக்கொண்டு அழும்.

"அக்கா, சீக்கிரம், சீக்கிரம், பதினோரு மணிக்கு மெஷின் கம்பெனியிலிருந்து ஆள் வருது," என்றாள் நர்ஸ். அவளுக்கு அந்த மாடியில் 'அவசரம்' என்றே பேர். டீ குடிப்பதும் நின்றபடி, அதிலும் பாதிக் கப்.

உள்ளே, பக்கவாட்டில் குழந்தையைப் படுக்கவைக்கும் ஸ்பாஞ்சுத் தொட்டில், ஜெல்லைச் சூடாக வைக்கும் சின்னப் பெட்டி, ஒரு டிஷ்யூ உருளை. அப்புறம் மாப்பிள்ளை.

மாப்பிள்ளை என்பது மூன்று மாதத்துக்கு முன் வந்த புது ஸ்கேன் மெஷின். படத்தைத் தானே பார்த்து, தானே கோடு போட்டு, தானே கோணத்தைச் சொல்லுகிற செயற்கை நுண்ணறிவு அதற்குள் இருக்கிறது. அது வந்த அன்றுதான் அந்த அறைக்கு ஏசி வந்தது. அதுவரை குழந்தைகளுக்கும் ஏசி கிடையாது, அண்ணிக்கும் கிடையாது. பேர் வைத்தது அவசரம்தான்.

வேலை இவ்வளவுதான். தொடை எலும்பின் தலை ஒரு பந்து மாதிரி. அது இடுப்பு எலும்பில் இருக்கிற கிண்ணத்தில் உட்கார வேண்டும். கிண்ணம் ஆழமாக இருந்தால் பந்து நழுவாது. அந்த ஆழத்தைக் கோணமாக அளப்பார்கள். அறுபது டிகிரியும் அதற்கு மேலும் பச்சை. ஐம்பதிலிருந்து அறுபதுக்குள் மஞ்சள். ஐம்பதுக்குக் கீழே சிவப்பு. முன்பெல்லாம் அண்ணி படத்தை நிறுத்தி, எலும்பின் மேல் இரண்டு கோடு இழுத்து, தானே அளந்து எழுதுவாள். இப்போது ஸ்கேன் கருவியை இடுப்பில் வைத்தால் போதும், எண் திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, ஐம்பத்தெட்டு. பட்டனை அழுத்தினால் நிற்கும்.

ஓடுகிற எண்ணைக் கண்ணெதிரே வைத்தால் மனுஷக் கை சும்மா இருக்குமா?

எல்லாப் பேரமும் போல இந்தப் பேரமும் நியாயமாகத்தான் தொடங்கியது. முதல் வாரத்தில் ஒரு குழந்தைக்கு ஐம்பத்தொன்பது காட்டியது. படம் நிஜமாகவே கொஞ்சம் சாய்ந்திருந்தது. அண்ணி நிமிர்த்தினாள், அறுபத்தொன்று வந்தது. அது சரியான வேலை. மறுநாள் இன்னொரு குழந்தைக்கு ஐம்பத்தொன்பது. இந்தப் படம் நேராகத்தான் இருந்தது. ஆனாலும் மணிக்கட்டு நேற்று கற்ற பாடத்தை மறக்கவில்லை. ஒரு நூல் சாய்த்தது. அறுபது. பட்டன்.

துணிக்கடையில் அளந்து கொடுக்கிறவன் துணியை இழுத்துப் பிடிக்கிறானா தளர்த்திப் பிடிக்கிறானா என்று அளவுகோலுக்குத் தெரியாது. காட்டியதை அளக்கும், அவ்வளவுதான். மாப்பிள்ளையும் அப்படித்தான். ரொம்பக் கோணலான படத்தை ஒதுக்கிவிடுவான். கொஞ்சம் கோணல் என்றால் பெரிய மனசு பண்ணி ஏற்றுக்கொள்வான்.

மஞ்சள் என்றால் என்ன ஆகும்? நாலு பக்கப் படிவம். நாலு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன். அம்மாவுக்கு இருபது நிமிஷம் விளக்கம், அதில் பத்து நிமிஷம் அழுகை. வெளியே வரிசை வாசல் வரை நீளும். அதற்கு மேல் எலும்பு டாக்டர் வந்து, "எதுக்கும்மா இத்தனை மஞ்சள்?" என்று ஒரு போடு போடுவார். அவர் எதையும் அடித்துத்தான் பேசுவார். முதுகுக்குப் பின்னால் அவர் பேர் சுத்தியல். இத்தனைக்கும், மஞ்சளில் பத்துக்கு எட்டு ஒன்றும் செய்யாமலேயே தேறிவிடும். தானாகத் தேறப்போகிற குழந்தையின் அம்மாவை எதற்கு அழவிட வேண்டும்?

மிச்ச இரண்டைப் பற்றி அண்ணி யோசித்ததில்லை. யோசிக்க உட்கார வேண்டும். அந்த அறையில் அவளுக்கு உட்கார ஒரு ஸ்டூல் உண்டு. அதன் மேல் எப்போதும் யாருடைய குழந்தைப் பையாவது இருக்கும்.

*

கம்பெனியிலிருந்து வந்தது ஒரு சின்னப் பெண். தோளில் லேப்டாப், கையில் அவள் முழங்கை நீளத்துக்கு ஒரு தண்ணீர் பாட்டில். சுத்தியலும் வந்து நின்றார்.

"மூணு மாச டேட்டாவை எடுத்துப் பார்த்தேன் சார். இடுப்பு ஸ்கேன் மட்டும் ஐநூத்திப் பன்னெண்டு குழந்தைங்க," என்று அவள் திரையைத் திருப்பினாள். "எத்தனை குழந்தைக்கு எத்தனை டிகிரின்னு போட்டா, சின்ன மலை மாதிரி வரணும். மெதுவா ஏறி, மெதுவா இறங்கணும். இங்க பாருங்க."

பார்த்தார்கள். மலை இருந்தது. ஆனால் ஏறுகிற பக்கத்தில் யாரோ ஒரு வாய் கடித்துத் தின்ற மாதிரி பள்ளம். ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பதில் அனேகமாக ஆளே இல்லை. அறுபதிலும் அறுபத்தொன்றிலும் பஸ் நிறுத்தம் மாதிரி கூட்டம்.

"அப்ப உங்க மெஷின் தப்பா அளக்குது," என்றார் சுத்தியல்.

"மத்த ஆஸ்பத்திரியில இதே மெஷின்ல மலை ஒழுங்கா வருது சார்."

"அப்ப இந்தப் பீஸ் சரியில்லை. தூக்கிட்டுப் போய் ரிப்பேர் பண்ணுங்க."

அண்ணி டிஷ்யூ கிழித்துக்கொண்டிருந்தாள். தேவைக்கு மேல் நாலைந்து கிழித்துவிட்டாள். நூறு பொட்டலம் எடை போட்டு ஒன்றுகூடக் குறையவில்லை என்றால், விஷயம் தெரிந்தவன் தராசைப் பார்க்க மாட்டான். தராசுக்குப் பின்னால் நிற்கிறவரைப் பார்ப்பான். நல்லவேளை, இந்த இரண்டு பேரும் படித்தவர்கள். தராசையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சும்மா இருந்தால் போதும். மாப்பிள்ளைக்கு ரோஷம் கிடையாது. பழி போட்டால் வாங்கிக்கொள்வான்.

"பிரச்னையில்லை சார்," என்றாள் அந்தப் பெண். "படத்தை நிறுத்தறதுக்கு முன்னாடி பத்து செகண்ட் வீடியோ தானா சேவ் ஆகும். பத்து, பதினஞ்சு எடுத்துப் பார்த்தா கோளாறு எங்கன்னு தெரிஞ்சிடும்."

"தானாவா?" என்றாள் அண்ணி.

"ஆமா மேடம், ட்ரெய்னிங்ல சொன்னாங்களே."

ட்ரெய்னிங் அரை நாள். அந்த அரை நாளில் அண்ணி பதினோரு குழந்தைக்கு ஸ்கேன் எடுத்திருந்தாள், ஏனென்றால் வரிசைக்கு ட்ரெய்னிங் நடப்பது தெரியாது.

சுத்தியலுக்கு ஆபரேஷன் இருந்தது, போய்விட்டார். அவசரம் அடுத்த குழந்தையின் டயபரைக் கழற்ற வெளியே ஓடினாள். அறையில் இரண்டு பேர்தான்.

"எனக்கு ஒரு வீடியோ காட்டறியா?" என்று ஒரு தேதியும் ஒரு பதிவு எண்ணும் சொன்னாள் அண்ணி.

ஐந்து வாரத்துக்கு முந்தைய காலை. பட்டாணியின் இடது இடுப்பு. மூலையில் எண் ஓடியது. ஐம்பத்தேழு. ஐம்பத்தேழு. ஐம்பத்தாறு. ஐம்பத்தேழு. படம் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. எலும்பின் ஓரம் செங்குத்தாக, எடுத்த கைக்கு மெடல் குத்தலாம் என்கிற மாதிரி. பிறகு அந்த ஓரம் மெல்லச் சாய்ந்தது. ஐம்பத்தெட்டு. இன்னும் கொஞ்சம். ஐம்பத்தொன்பது. ஒரு கணம் நின்றது, கடைக்காரன் கடைசி விலைக்கு யோசிக்கிற மாதிரி. அறுபது. வீடியோ முடிந்தது.

அந்தப் பெண் மறுபடி ஓட்டிப் பார்த்தாள். மூன்றாவது முறை ஓட்டும்போது பாட்டிலைக் கீழே வைத்தாள்.

"மேடம், இது மெஷின் இல்லை."

"ம்."

"முதல்ல இருந்ததுதான் சரியான படம்."

"தெரியுது."

"இந்தக் குழந்தை..."

"என் நாத்தனார் பொண்ணு. கால் முதல்ல வந்து பிறந்தது. இப்ப இடது கால் விரியலைன்னு காலையில போன் பண்ணா. மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாதுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

அந்தப் பெண் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். இருபத்தைந்து வயசுக்கு இது எந்த ட்ரெய்னிங்கிலும் வந்திருக்காது. "ரிப்போர்ட்ல நான் என்ன மேடம் எழுதட்டும்?"

"நிஜத்தை எழுது. ஆனா சாயங்காலம் வரைக்கும் பொறு. சொல்ல வேண்டியவங்ககிட்ட முதல்ல நானே சொல்லிடறேன்."

வெளியே வந்து போன் போட்டாள்.

"சின்னு, பட்டாணியைத் தூக்கிட்டு வா."

"அடுத்த வாரம்னீங்க?"

"இல்லை. இப்ப வா."

*

சின்னு வந்து சேர மூன்று மணி ஆனது. இரண்டு பஸ் மாறி, தலை கலைந்து, தோளில் பால் கக்கிய கறை. "பஸ்ல ஒருத்தரும் எழுந்திருக்கலை அண்ணி. குழந்தை எழுந்து நின்னு எடம் குடுத்தாத்தான் உண்டு போல," என்று சிரித்தாள். அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

அவசரம் குழந்தையின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். முதலில் வலது பக்கம். அறுபத்துமூன்று, பச்சை. குழந்தையைத் திருப்பினார்கள். அண்ணி இந்த முறை மணிக்கட்டைத் தொட்டிலின் விளிம்பில் அழுத்தி வைத்துக்கொண்டாள், நகர முடியாதபடி. எலும்பின் ஓரம் நேராக வந்தது. எண்ணைப் பார்க்காமல் படத்தை மட்டும் பார்த்தாள். நிறுத்தினாள். அதற்குப் பிறகுதான் மூலையைப் பார்த்தாள்.

நாற்பத்தெட்டு.

மறுபடி எடுத்தாள். நாற்பத்தேழு. மறுபடி. நாற்பத்தெட்டு. மஞ்சளாவது வரும் என்று நினைத்திருந்தாள். படத்தைச் சுற்றிய சட்டம் சிவப்பாக இருந்தது. பட்டாணி தன் கையைத் தானே கண்டுபிடித்து வாயில் வைத்துக்கொண்டாள்.

"செவப்பா இருக்கே," என்றாள் சின்னு.

"அஞ்சு வாரத்துல எவ்வளவோ மாறியிருக்கும்மா," என்றாள் அவசரம், ஈரத்தைத் துடைத்தபடி. "போதாக்குறைக்கு மெஷினே கோளாறாம். கம்பெனிலேர்ந்து வந்து பார்த்துட்டு இருக்காங்க."

நல்ல மனசோடு சொன்ன பொய். பொய் என்றுகூடச் சொல்ல முடியாது, அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அண்ணி அதை அப்படியே எடுத்து மாட்டிக்கொண்டிருக்கலாம். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

"நீ போய் டாக்டரைக் கூட்டிட்டு வா," என்று அவளை அனுப்பிவிட்டு, ஸ்டூல் மேல் இருந்த பையைக் கீழே வைத்து, சின்னுவை உட்காரச் சொன்னாள்.

"அன்னைக்கும் பச்சை இல்லை, சின்னு."

"புரியலை அண்ணி."

"இடது பக்கம் ஐம்பத்தேழு. நான்தான் அறுபதாக்கினேன்."

"எப்படி ஆக்குவீங்க? எழுதினதை மாத்தினீங்களா?"

"இல்லை. கையைச் சாய்ச்சேன். சாய்ச்சா எண் ஏறும். ஏறினதும் நிறுத்திட்டேன். மஞ்சள்னு வந்திருக்கணும். நாலு வாரத்துல மறுபடி பார்த்திருக்கணும். அதாவது போன வாரமே."

சின்னு குழந்தையின் கால் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தாள். இடது கால் உள்ளே போக மறுத்தது. இரண்டு முறை முயன்று விட்டுவிட்டாள்.

"எதுக்கு அண்ணி?"

காரணம் ஒன்று அண்ணியிடம் தயாராக இருந்தது. நாலு வருஷம் கழித்து நீ சிரித்துக்கொண்டு வந்தாய், மஞ்சள் என்று சொல்ல வாய் வரவில்லை. கேட்கவும் நன்றாக இருக்கும், பாதி உண்மையும்கூட. அண்ணி அதைத் தொடவில்லை.

"உனக்காகத் தனியா ஒண்ணும் பண்ணலை. எல்லாருக்கும் பண்றதைத்தான் பண்ணேன். வெளியில கூட்டம், எனக்குக் கை ஓஞ்சு போச்சு, மஞ்சள்னா அரை மணி நேரம். தானா சரியாயிடும்னு..."

"அதைத்தான் தாங்க முடியலை," என்றாள் சின்னு. குரல் உயரவில்லை. "ஊருக்கெல்லாம் எப்படி வேணா பண்ணியிருங்க. என் குழந்தைக்காவது ஒழுங்காப் பார்த்திருக்கக் கூடாதா? சொந்தம்னு தேடி வந்தேனே."

அண்ணி ஸ்கேன் கருவியைத் துடைத்து மாட்டினாள். சொந்தம் என்று வந்தவளை வரிசையில் வந்தவளாகவே பார்த்திருக்கிறாள். ஆனால் வரிசையில் வந்தவர்களை எப்படிப் பார்த்தாள் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. சின்னு அதைக் கேட்கவில்லை. கேட்க வேண்டியது அவள் இல்லை.

சுத்தியல் வந்தார். படத்தைப் பார்த்தார், குழந்தையின் இரண்டு காலையும் விரித்துப் பார்த்தார். தோளிலிருந்து பாதம் வரை வருகிற பட்டையைக் கொண்டுவரச் சொன்னார். கால் இரண்டையும் தவளை மாதிரி மடக்கி அகலமாக வைத்துக்கொள்ளும் பட்டை. அப்படி வைத்திருந்தால் பந்து கிண்ணத்தை அழுத்தும், கிண்ணம் தானே ஆழமாகும்.

"எவ்வளவு நாள் டாக்டர்?"

"ரெண்டு மாசம், கூடவும் ஆகலாம். ராத்திரி பகல் கழட்டக் கூடாது. நாலு வாரத்துல கிண்ணம் பட்டை பேச்சைக் கேக்குதா இல்லையான்னு தெரியும்."

"கேக்கலைன்னா?"

"கேக்கும்னே நெனப்போம்மா. பெரும்பாலும் கேக்கும்."

"போன வாரமே வந்திருந்தா?"

சுத்தியல் வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாகப் பேசினார். "எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இப்பவும் லேட் இல்லை."

பட்டை கட்டிய குழந்தை அகலமாகிவிட்டது. மார்பில் மாட்டும் தூக்குப் பையில் உட்கார மறுத்தது. சின்னு அப்படி வைத்துப் பார்த்தாள், இப்படி வைத்துப் பார்த்தாள். அண்ணி கை நீட்டினாள்.

"வேண்டாம். நானே தூக்கிக்கறேன்." குழந்தையை இடுப்பில் அணைத்துக்கொண்டு, பையை முழங்கையில் மாட்டிக்கொண்டாள். "அண்ணன்கிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க. அடுத்த ஸ்கேன் வேற யாராவது எடுக்கட்டும்."

வேறு யாரும் இல்லை என்று அண்ணி சொல்லவில்லை. இரண்டு கையும் நிறைந்திருந்ததால் சின்னுவால் கதவைத் திறக்க முடியவில்லை. அண்ணி போய்த் திறந்து பிடித்துக்கொண்டாள். அவள் தாண்டிப் போனபோது குழந்தை மட்டும் திரும்பிப் பார்த்தது.

*

ஐந்து மணிக்கு நாற்காலிகள் காலியாகிவிட்டன. சுத்தியல் ஒரு தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"அறுபதும் அறுபத்தொண்ணும் வந்தவங்க. இன்னைக்குப் பார்த்த குழந்தை போக அறுபத்தெட்டுக் குழந்தைங்க. எல்லாரையும் மறுபடி வரச் சொல்லிப் போன் பண்ணிடுங்க. மெஷின் கோளாறு, ஒரு தடவை சரிபார்க்கறோம், பயப்பட ஒண்ணுமில்லை. இவ்வளவு போதும்."

"எங்க மெஷின் சரியாத்தான் சார் அளந்துது," என்றாள் கம்பெனிப் பெண், லேப்டாப்பை மூடாமல்.

"எல்லாக் கம்பெனியும் இதைத்தாம்மா சொல்லும்."

"அந்தப் பொண்ணு சொல்றது நிஜம் சார்," என்றாள் அண்ணி. "மெஷின் இல்லை. நான்தான்."

"தெரியும்."

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள்.

"கிராஃபைப் பார்த்த நிமிஷமே தெரியும். நானும் ஒரு காலத்துல ஸ்கேன் எடுத்தவன்தான். எதுக்கு இத்தனை மஞ்சள்னு உங்களை நானும்தான் நச்சரிச்சேன், அது எனக்கு ஞாபகம் இல்லைன்னா நினைக்கறீங்க?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை. "உங்க மேல எழுதினா விசாரணைன்னு ஆறு மாசம் உட்கார வைப்பாங்க. இன்னொருத்தி பிரசவ லீவுல இருக்கா. நாளைக்கு அறுபத்தெட்டுப் பேர் வந்து நிப்பாங்க. ஸ்கேன் யாரு எடுக்கறது, நானா? மெஷின் மேல போட்டா யாருக்கும் வலிக்காது. யோசிங்க."

போய்விட்டார். கம்பெனிப் பெண் கதவோரம் நின்றாள். "நான் என்ன எழுதணுமோ அதைத்தான் மேடம் எழுதுவேன். சாரி."

"எதுக்கு சாரி. ஒழுங்கா எழுது."

அவளும் போன பிறகு அறையில் ஏசி சத்தம் மட்டும் இருந்தது. அண்ணிக்குக் கால் கடுத்தது. ஸ்டூலில் உட்கார்ந்தாள். சுத்தியல் சொன்னதில் தப்பு கண்டுபிடிப்பது சுலபமாக இல்லை. மெஷின் என்று சொன்னால் அறுபத்தெட்டுப் பேரும் வருவார்கள், யாரும் சண்டை போட மாட்டார்கள். குழந்தைக்கு வேண்டியது ஸ்கேன்தானே தவிர விளக்கம் இல்லையே. எல்லாம் சரி. ஆனால் இதே மாதிரி எல்லாம் சரியாக இருந்த காரணங்களை அவள் மூன்று மாதமாகத் தனக்குத்தானே விற்றுக்கொண்டிருந்தாள்.

தாளில் முதல் எண்ணை அழுத்தினாள். எடுத்தது ஒரு ஆண். பின்னால் குழந்தை அழுதது, யாரோ பாத்திரம் கழுவினார்கள்.

"ஸ்கேன் சென்டர்லேர்ந்து பேசறேங்க. உங்க பையனுக்கு இடுப்பு ஸ்கேன் மறுபடி எடுக்கணும். நாளைக்குக் காலையில வர முடியுமா?"

"எல்லாம் நல்லா இருக்குன்னு சொன்னீங்களே? பச்சைன்னு." பாத்திரச் சத்தம் நின்றது. "என்ன, மெஷின் கோளாறா?"

அவரே எடுத்துக் கொடுத்தார். சிரமமே வைக்கவில்லை.

"இல்லைங்க," என்றாள் அண்ணி. "மெஷின் சரியாத்தான் இருந்தது. நான் படத்தைச் சரியா எடுக்கலை."

அந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு யாரிடமோ பேசுகிற சத்தம். பெண் குரல் ஒன்று என்ன, என்ன என்று கேட்டது. அண்ணி திட்டுக்குக் காத்திருந்தாள். திட்டினால்கூடத் தேவலாம், சீக்கிரம் முடியும்.

"நாளைக்கு எடுக்கறது யாரு?" என்றார் அவர் கடைசியில். "நீங்களேதானா?"

"இப்போதைக்கு இங்க நான் ஒருத்திதாங்க."

குழந்தையின் அழுகை போனுக்கு அருகே வந்தது.

"சரி. வர்றோம். ஆனா நீங்க எடுக்கறப்ப நான் பக்கத்துலயே நிப்பேன்."

"நில்லுங்க," என்றாள் அண்ணி. "எண்ணைப் பார்க்காதீங்க. என் கையைப் பார்த்துக்கிட்டே நில்லுங்க. எப்படி இருக்கணும்னு காட்டித் தர்றேன்."

போனை வைத்து, முதல் எண்ணுக்கு நேராக ஒரு கோடு போட்டாள். இன்னும் அறுபத்தேழு. மேசையில் அவளுடைய சொந்தப் போன் அதிர்ந்தது. கணவன். மூன்றாவது தடவை. எடுப்பதற்குள் நின்றுபோய், ஒரு செய்தி வந்து விழுந்தது: 'சின்னு அழுதுக்கிட்டே போனை வச்சுட்டா. உன்னைக் கேக்கச் சொல்றா. என்ன ஆச்சு?'

அண்ணி அதை இரண்டு முறை படித்தாள். பிறகு பேனாவை எடுத்து, பட்டியலின் அடியில், அறுபத்தெட்டுக்குக் கீழே, அறுபத்தொன்பது என்று எண் போட்டு, கணவனின் போன் நம்பரைத் தன் கையால் எழுதினாள். எழுதிவிட்டு இரண்டாவது எண்ணை அழுத்தினாள்.